படிக்கத் தெரியும் என்றால் இனி என்ன தெரிய வேண்டும்?

'அவன் ஒரு கைநாட்டு' என்பது தமிழில் வசவு. கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரலை மையில் ஒற்றி வைப்பவர் என்று பொருள். இன்றைக்குப் பேராசிரியரும் வங்கி மேலாளரும் ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை கைநாட்டு வைக்கிறார்கள், போனைத் திறப்பதற்காக. 2013-ல் ஐபோனில் கைரேகை உணரி வந்து, பிறகு மற்ற போன்களிலும் பரவியதில் இருந்து இதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. படிக்காதவரின் அடையாளமாக இருந்த விரல் இப்போது அத்தாட்சி ஆகிவிட்டது. கையெழுத்துதான் பாவம், பார்சல் கொண்டுவருபவர் நீட்டும் திரையில் நகத்தால் இழுக்கும் கிறுக்கலாகச் சுருங்கிப் போயிருக்கிறது.

இதே போன்ற குழப்பம் செய்திகளிலும் இருக்கிறது. உலகில் 70 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் அடிப்படை எழுத்தறிவு இல்லை என்று ஒரு நாள் யுனெஸ்கோ கணக்கு வருகிறது. பட்டம் பெற்றவர்களுக்கே 'டிஜிட்டல் எழுத்தறிவு' போதவில்லை என்று இன்னொரு நாள் வருகிறது. அப்புறம், ஊழியர்களுக்கு 'ஏஐ எழுத்தறிவு' இருக்கும்படி பார்த்துக்கொள்வது நிறுவனங்களின் சட்டக் கடமை என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். மூன்று செய்தியிலும் சொல் ஒன்றுதான். பொருளும் ஒன்றுதானா என்பதே கேள்வி.

அளவுகோல் யார் கையில் இருந்தது?

உயரத்தையும் எடையையும் அளப்பது போல எழுத்தறிவை அளந்துவிட முடியாது. அளக்க வந்தவருக்கு எது தேவைப்பட்டதோ, அதுவே ஒவ்வொரு காலத்திலும் வரையறை ஆனது.

1. கையெழுத்து. இங்கிலாந்தில் 1753-ல் வந்த திருமணச் சட்டம், மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்றது. தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள். அந்தக் குறிகளை எண்ணித்தான் அக்கால எழுத்தறிவை வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். 1840 வாக்கில் ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவரும், பெண்களில் சுமார் பாதிப் பேரும் குறிதான் போட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கில் தன் பெயரை மட்டும் வரையப் பழகியவர் படித்தவர். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேனா பிடித்தே இராதவர் படிக்காதவர்.

2. வாசிப்பு. சுவீடனில் 1686-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், மக்கள் சமய நூலைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்றது. பாதிரியார் குடும்பம் குடும்பமாகச் சோதித்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். எழுத வருமா என்று அவர் கேட்கவில்லை, அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை. அதனால் 18-ம் நூற்றாண்டு சுவீடனில் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம், எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம். இங்கிலாந்தின் அளவுகோலை அங்கே கொண்டுபோய் வைத்தால் பாதி நாடு தற்குறி ஆகிவிடும்.

3. பயன்பாடு. தன் அன்றாட வாழ்க்கை பற்றிய சிறிய, எளிய வாசகம் ஒன்றைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தவரே எழுத்தறிவு உள்ளவர் என்று 1958-ல் யுனெஸ்கோ சொன்னது. 1978-ல் அதோடு 'செயல்பாட்டு எழுத்தறிவு' சேர்ந்தது. தன் குழுவிலும் சமூகத்திலும் எழுத்தறிவு தேவைப்படும் காரியங்கள் அனைத்திலும் ஈடுபட முடிகிறவரையே அந்தச் சொல் குறித்தது.

இந்த 1978 வரையறை சாதுவாகத் தெரிந்தாலும் அதில் ஒரு பொறி இருக்கிறது. 'தேவைப்படும் காரியங்கள்' என்று சொல்லிவிட்டபடியால், காரியங்கள் மாறினால் கோடும் நகர்ந்துவிடும். ஒருவர் ஓர் எழுத்தைக்கூட மறக்காமலே, இருந்த இடத்தில் இருந்தபடியே, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடலாம்.

ஓலையில் புள்ளி இல்லை

எழுத்தறிவுக்கும் எழுதும் கருவிக்கும் உள்ள தொடர்பு புதிதாக வந்ததல்ல. ஓர் ஓலைச்சுவடியை எடுத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்தறிவது பாடு. 'கலவி' என்று எழுதியிருந்தால் அது கல்வியா கலவியா என்பதை முன்னும் பின்னும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுவடிப் பயிற்சி இல்லாத ஒருவர், தமிழில் முனைவர் பட்டமே பெற்றிருந்தாலும், இங்கே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

அந்தக் கால வாசகர் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை, அதாவது சொல் எங்கே முடிகிறது, எது மெய் என்று கண்டுபிடிப்பதை, புள்ளியும் இடைவெளியும் வைத்து அச்சிட்ட புத்தகம் வாங்கிக்கொண்டது. லத்தீனிலும் இதுதான் கதை. சேர்த்து சேர்த்து எழுதி வந்த மொழியில் 7, 8-ம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் சொற்களுக்கு இடையே இடம் விட ஆரம்பித்தார்கள். வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் படிப்பது அதனால் எளிதானது.

ஆக, கருவி ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் நம்மிடம் இருக்கிறது. அந்த மிச்சத்துக்குத்தான் ஒவ்வொரு காலமும் எழுத்தறிவு என்று பெயர் வைத்திருக்கிறது. இன்றைய கருவிகள் எதை எடுத்துக்கொண்டன, எதை விட்டுவைத்தன என்று இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

திரையில் எழுத்து எப்படி வேறுபடுகிறது?

1. கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று. திரையில் நாம் பார்ப்பது வடிவம். கணினி வைத்திருப்பது எண். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் யூனிகோடு என்ற தரத்தின்படி தனித்தனி எண் உண்டு. 'ஔவை' என்று ஒருவர் ஔகாரத்தில் தட்டுகிறார், இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவை' என்கிறார். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல், எனவே ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். இது வெறும் எழுத்துப்பிழைச் சங்கதி என்றால் விட்டுவிடலாம். ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துக்கள் சில, ஆங்கில எழுத்துக்களைப் போலவே அச்சு அசலாக இருக்கும். அவற்றைக் கோத்து ஒரு பெரிய நிறுவனத்தின் இணைய முகவரி போலவே இன்னொன்றை உருவாக்க முடியும் என்று 2017-ல் ஓர் ஆய்வாளர் செய்து காட்டினார். அங்கே கூர்ந்து படிப்பவர்கூட ஏமாறுவார், ஏனென்றால் கூர்ந்து பார்ப்பதற்கு அதில் எதுவுமே வித்தியாசமாக இல்லை.

2. வலமிருந்து இடமாக ஒரு வரி. குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கைப் படிப்பது தனி வித்தை. 'என்வங்கி.காம்/நுழைவு' என்று ஒரு முகவரி, 'என்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்/நுழைவு' என்று இன்னொன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடமிருந்து படித்துப் பழகிய கண், 'என்வங்கி' என்ற சொல்லைப் பார்த்ததும் திருப்தியாகிவிடும். ஆனால் முகவரி படிக்கும் முறை வேறு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி, இடப்பக்கமாக வர வேண்டும். கடைசிப் புள்ளிக்கு முந்திய சொல்லில்தான் உரிமையாளர் இருக்கிறார். இரண்டாவது முகவரிக்கு உரிமையாளர் 'சரிபார்ப்பு.நெட்'. வங்கிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இடப்பக்கம் எத்தனை நல்ல பெயரை வேண்டுமானாலும் அவர்கள் ஒட்டிக்கொள்ளலாம். (பின்னொட்டு சில நாடுகளில் 'கோ.யூகே' போல இரண்டு துண்டாக வரும். அப்போது இன்னும் ஒரு சொல் இடப்பக்கம் தள்ளிப் போக வேண்டும்.) எழுத்து தெரியும், சொல் தெரியும், பொருளும் தெரியும், ஆனாலும் படிக்கத் தெரியாது என்ற நிலை இதுதான்.

3. மனிதர் படிக்கவே முடியாத எழுத்து. க்யூஆர் கோடு 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் உருவானது. தொழிற்சாலையில் வண்டி உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக, இயந்திரம் படிப்பதற்கென்றே செய்தது. அது பொது இடத்துக்கு வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிய எழுத்து, அதை ஒருவராலும் வாசிக்க முடியாது. அசல் சதுரத்தின் மேல் இன்னொருவர் தன் சதுரத்தை ஒட்டிவிட்டுப் போனால் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லை. இதன் முன்னால் நாம் அனைவரும் கைநாட்டுதான்.

4. ஆளுக்கொரு பக்கம். அச்சிட்ட செய்தித்தாள் எல்லாருக்கும் ஒன்று. சமூக ஊடகத்தின் வரிசை அப்படி இல்லை. யார் எதில் எத்தனை நேரம் நின்றார்கள் என்பதை வைத்து ஆளாளுக்குத் தனியாக அடுக்கப்படுகிறது. 'எல்லாரும் இதைத்தான் பேசுகிறார்கள்' என்று திரையைப் பார்த்துச் சொல்பவர், அது தனக்காக அடுக்கப்பட்ட வரிசை என்பதை மறந்துவிடுகிறார்.

நிதானமாகப் படித்தவர்கள் ஏமாந்த கதை

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புகளின் இணையப் பக்கங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று நாட்டின் பெரிய மருத்துவர் சங்கம். மற்றது, ஒரு பாலின இணையர் குழந்தை வளர்ப்பதை எதிர்த்து 2002-ல் பிரிந்து போன சிறு குழு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும்.

மாணவர்களும் வரலாற்றாளர்களில் பலரும் நாம் பள்ளியில் கற்றுக்கொடுப்பதைத்தான் செய்தார்கள். பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார்கள். வடிவமைப்பு நேர்த்தியாக இருக்கிறதா, மேற்கோள்கள் உண்டா, 'எங்களைப் பற்றி' பகுதி என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். இவை அனைத்தையும் அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர்தான் எழுதியிருக்கிறார். பலர் சிறு குழுவைப் பெரிய சங்கத்துக்குச் சமமாகவோ மேலாகவோ மதிப்பிட்டார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைவாகப் படித்தார்கள், சீக்கிரம் சரியான முடிவுக்கு வந்தார்கள். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

நடக்கும் மாற்றங்களில் மிக ஆழமானது இதுதான் என்பது என் கணிப்பு. 'முழுசாகப் படித்துவிட்டுப் பேசு' என்பது நல்ல வாசகருக்கான இலக்கணமாக இருந்தது. இப்போது எதைப் படிக்காமல் விடுவது என்பதும் வாசிப்பின் பகுதி. அதற்காக மேய்ந்து படித்தாலே போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் விளக்கும் உரைகளைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள், நேரக் கெடு இருந்தபோது வித்தியாசம் இன்னும் தெரிந்தது. நம்பலாமா என்று முடிவு செய்ய ஒரு வேகம், நம்பிய பிறகு புரிந்துகொள்ள இன்னொரு வேகம். இரண்டு கியரும் வேண்டும்.

காதால் படிப்பது படிப்பா?

போனிடம் பேசினால் எழுதிக்கொள்கிறது, எழுத்தைக் காட்டினால் வாசித்துக் காட்டுகிறது. அப்படியானால் எழுத்தே எதற்கு என்ற கேள்வி வருகிறது. பார்வையற்றோர் இந்தக் கேள்வியை நெடுநாளாகவே விவாதித்து வருகிறார்கள்.

லூயி பிரெயில் 1824-ல், 15 வயதில், புள்ளி எழுத்து முறையை உருவாக்கினார். ஒலிநாடாவும் பிறகு திரைவாசிப்பு மென்பொருளும் வந்தபோது, தடிமனான பிரெயில் புத்தகங்களைச் சுமப்பானேன் என்று பலர் நினைத்தார்கள். ஒலியால் கிடைத்த வசதி சாதாரணமானதல்ல. பழகியவர்கள் நமக்குப் பிடிபடாத வேகத்தில் கேட்டே படிப்பார்கள். ஆனால் கேட்டு மட்டும் வளர்ந்தவர்களுக்கு எழுத்துக்கூட்டல் தெரியாமல் போகிறது, பத்தி எங்கே முடிகிறது, காற்புள்ளி எங்கே விழுகிறது என்பது தெரியாமல் போகிறது என்று பிரெயில் ஆதரவாளர்கள் எச்சரித்தார்கள். தமிழில் யோசித்தால் இது உடனே விளங்கும். வாளையும் வாழையும், பரவையும் பறவையும் பலர் வாயில் ஒரே ஒலி. கேட்பவர் பொருளை ஊகிக்கலாம். எழுத வேண்டி வந்தால் கை நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்து நின்று கொடுக்கும், மேலே போய்ப் பார்க்கலாம், இரண்டு வரிகளை ஒப்பிடலாம். ஒலி ஓடிவிடும். ஒப்பந்தத்தின் மூன்றாம் பத்தியும் பதினோராம் பத்தியும் முரண்படுகின்றனவா என்று காதால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே குரல்வழிக் கருவி கதவைத் திறந்துவிடுகிறது, உள்ளே சரிபார்க்கும் வேலை பழைய எழுத்தறிவிடமே இருக்கிறது.

எழுதிக் கொடுக்கும் இயந்திரம்

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வெளியானது. அதுவரை கணினி நாம் எழுதியதைத் திருத்தியது, இனி தானே எழுதியது. இதன் அடிப்படை இது: பெருமளவு உரைகளைக் கொண்டு பயிற்றப்பட்ட ஒரு மாதிரி, இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து வரத் தகுந்த சொல்துண்டைக் கணிக்கிறது. பிறகு அதையும் சேர்த்துக்கொண்டு அடுத்ததைக் கணிக்கிறது. சரளம் இந்த முறையின் இயல்பிலேயே வந்துவிடும். உண்மை அப்படித் தானாக வராது, தனியாகச் சரிபார்த்தால்தான் உண்டு.

வாசகருக்கு இதனால் நேரும் இழப்பு பெரிது. நல்ல நடையில், பிழையின்றி, ஆதாரங்களோடு எழுதியிருந்தால், எழுதியவர் உழைத்திருக்கிறார் என்று நாம் எடுத்துக்கொள்வோம். மோசடி மின்னஞ்சலை அதன் அசட்டுப் பிழைகளைக் கொண்டே கண்டுபிடித்தோம். நடையை வைத்து ஆளை எடைபோடும் அந்தப் பழைய வழி அடைபட்டுவிட்டது.

2023-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், முப்பது ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை வைத்து மனு தயாரித்தார். அந்தத் தீர்ப்புகள் எங்குமே இல்லாதவை. அவற்றில் ஒன்று உண்மையான வழக்குதானா என்று அவர் கேட்டும் இருக்கிறார், அந்த இயந்திரத்திடமே. ஆம் என்றது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவர், பக்கத்தைவிட்டு வெளியே போய்ப் பார்க்காததால் விழுந்தார். மேலே சொன்ன மாணவர்கள் செய்த அதே தவறு.

எழுதுகிறவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. எழுதும்போதுதான் பலருக்குத் தாங்கள் என்ன நினைக்கிறோம் என்பதே தெளிவாகிறது. விண்ணப்பக் கடிதத்தை இயந்திரம் எழுதினால் நஷ்டம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடக் கட்டுரையை அது எழுதினால், கட்டுரை வந்துவிடும், கட்டுரை எழுதுவதால் வர வேண்டியது வராது.

இதனால் என்னென்ன மாறும்?

1. உதவி கேட்கும் முறை. எழுத்தறிவு இல்லாதவருக்குப் பிறர் கடிதம் படித்துக் காட்டுவார்கள், படிவம் நிரப்பித் தருவார்கள். படித்துக் காட்டியவரால் கடிதத்தைத் தாண்டி எதையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. இப்போது உதவி கேட்பவர் போனையும், பாஸ்வேர்டையும், ஓடிபியையும் சேர்த்தே நீட்ட வேண்டியிருக்கிறது. கடிதத்தைக் கொடுப்பதற்கும் பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். பழைய எழுத்தறிவின்மையை நாலு பேர் பகிர்ந்து சமாளிக்க முடிந்தது, புதியதை அப்படிப் பகிர்ந்தால் ஆபத்து. டிஜிட்டல் சேவைகளை வடிவமைப்பவர்கள் இதைப் போதுமான அளவு யோசிப்பதில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து உதவலாம், ஆனால் பணத்தைத் தொட முடியாது என்கிற ஏற்பாடு தொழில்நுட்பத்தில் முடியாத காரியமே இல்லை.

2. தேர்வுகள். 15 வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பீசா தேர்வு, 2018-ல் வாசிப்புத்திறனின் வரையறையில் 'எழுதப்பட்ட' உரை என்பதில் இருந்த 'எழுதப்பட்ட' என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஒன்றோடொன்று முரண்படும் பல மூலங்களைப் படித்து எடைபோடும் கேள்விகள் கூடின. உள்ளடக்கத்திலும் மூலத்திலும் பொதிந்த குறிப்புகளைக் கொண்டு உண்மைத் தகவலையும் கருத்தையும் பிரித்தறிய முடிந்தவர்கள், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் நாடுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

3. சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், இத்தகைய அமைப்புகளைத் தருபவர்களும் பயன்படுத்துபவர்களும் தங்கள் ஊழியர்களுக்குப் போதுமான ஏஐ எழுத்தறிவு இருப்பதை இயன்றவரை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 2025 பிப்ரவரி 2 முதல் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணி நேரப் பயிற்சி, எந்தத் தேர்வு என்று சட்டம் சொல்லவில்லை. 1978-ன் 'தேவைப்படும் காரியங்கள்' இங்கே வேறு உருவில் திரும்ப வந்திருக்கிறது.

4. கணக்கெடுப்பு. முதலில் சொன்ன 70 கோடி இங்கேதான் வருகிறது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். குரல்வழிக் கருவிகள் அவர்களுக்கு நிஜமாகவே உதவும். அதே சமயம், கருவி தவறாகச் சொன்னால் சரிபார்க்க வழியில்லாதவர்களும் அவர்கள்தான். இந்தத் தொகைக்கான பழைய அடிப்படைத் தரவுகளில் பல, ஒருவரை உட்காரவைத்துச் சோதித்துப் பெற்றவை அல்ல. பல நாடுகளில் கணக்கெடுப்பாளர் கேட்கிறார், குடும்பத்தில் ஒருவர் எல்லாருக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்கிறார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறுஞ்செய்தியைக் கொடுத்து, இதை யார் அனுப்பியிருக்கிறார்கள், அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டால் கிடைக்கும் எண் வேறாக இருக்கும். அதற்கு ஆளும் நேரமும் பணமும் அதிகம் தேவை. அதனால் பெரும்பாலான படிவங்களில் இன்னும் 'எழுதப் படிக்கத் தெரியுமா?' என்ற ஒரு கேள்வியும், ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்களும்தான் இருக்கின்றன.